மகளுக்கு எழுதிய செய்திகள்

காலை ஒன்பது பத்து. பள்ளிக்கூட கேட்டின் வெளிப்புறக் கம்பியில் என் மகளின் பை மாட்டியிருந்தது. முதலில் கண்ணில் பட்டது அதுதான். காக்கித் துணிப் பை. அதன் பட்டையைக் கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றி, நழுவாதபடி மாட்டியிருந்தார்கள். கோபத்தில் எறிந்த பை இல்லை அது. யோசித்து மாட்டிய பை.

பைக்குப் பக்கத்தில் மகள் நின்றிருந்தாள். வயது எட்டு. இரண்டு கைகளாலும் காதைப் பொத்தியிருந்தாள். உள்ளே மணி அடித்துக்கொண்டிருந்தது. தொங்கவிட்ட தண்டவாளத் துண்டை இரும்புக் கம்பியால் அடிக்கிற மணி. அவள் உதடுகள் அசைந்தன. என்ன சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். அந்த வாசகங்களை எழுதியவன் நான்.

மணி நின்றது. கையை எடுத்தாள். கேட்டைத் தள்ளினாள். உள்ளே தாழ் போட்டிருந்தது.

"மணி அடித்தது. கேட் திறக்கவில்லை," என்றாள், என்னைப் பார்க்காமல் பையைப் பார்த்து. "இது செய்தியில் இல்லை."

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் உத்திரமேரூரில் ஒரு சென்னை தினசரியின் பகுதிநேர நிருபராக இருந்தேன். ஏரி நிரம்பியது, பஸ் பள்ளத்தில் இறங்கியது, தாலுகா ஆபீசில் மனு கொடுத்தார்கள், இவைதான் என் சரக்கு. எழுதி, கவரில் போட்டு, காஞ்சிபுரம் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தால் அங்கிருந்து சென்னைக்குப் போகும். யார், எங்கே, எப்போது, என்ன. தெரியாததை எழுதக் கூடாது. தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்தது இவ்வளவுதான்.

மகள் நான்கு வயது வரை பேசவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டாள். பாட்டில் மூடிகளைத் தரையில் பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாக வைப்பாள். யாராவது ஒன்றை நகர்த்திவிட்டால் கத்தல் அடங்க அரை நாள் ஆகும். இன்று இதற்கு ஆட்டிசம் என்று பெயர் இருக்கிறது. அந்த வருடங்களில் அந்தச் சொல்லை எனக்கு யாரும் சொல்லவில்லை. காஞ்சிபுரத்து டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்தார். சென்னையில் ஒரு பெரிய டாக்டர், அவள் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காமல், புத்தி கம்மி என்று முடித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மாகறலில் என் மனைவியின் சொந்தக்காரர்கள், வயிற்றில் பிள்ளை இருக்கும்போது கிரகணத்தைப் பார்த்தாயா என்று அவளைக் குறுக்கு விசாரணை செய்தார்கள். பார்க்கவில்லை என்று அவள் சொன்னதை யாரும் நம்பவில்லை. இவர்களில் ஒருவர்கூடப் பிள்ளையின் எதிரில் உட்கார்ந்து அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டதில்லை. 

சோறு ஊட்டும்போது மனைவி அவளுக்குக் கதை சொல்வாள். நரி வரும், முயல் வரும், இரண்டும் பேசிக்கொள்ளும். அவள் பேசத் தொடங்கிய பிறகு சொன்ன முதல் விமரிசனம் இதுதான்: "நரி பேசாது." சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். கதை கேட்காத பிள்ளை என்று நாங்கள் முடிவு செய்தோம்.

செய்தியைக் கவரில் போடும் முன் உரக்கப் படித்துப் பார்ப்பது என் வழக்கம். ஒருநாள் ஏரி மதகைப் பற்றிப் படித்தேன். மறுநாள் காலை குளியலறையிலிருந்து மனைவி என்னைக் கூப்பிட்டாள்.

"இன்னாங்க, சீக்கிரம் வாங்க. ஒங்க பேப்பர் பேசுது."

தலையில் தண்ணீர் சொட்ட மகள் சொல்லிக்கொண்டிருந்தாள்: "உத்திரமேரூர், வியாழன். பெரிய ஏரியின் மதகுக் கதவு பழுது பார்க்கப்பட்டது. அதிகாரிகள் காலை பத்து மணிக்கு வந்தனர்." ஒரு சொல் பிசகவில்லை. அதற்கு முன் அவள் சேர்ந்தாற்போல் மூன்று சொற்களுக்கு மேல் பேசி நாங்கள் கேட்டதில்லை.

இதிலிருந்து செய்ய வேண்டியதைக் கண்டுபிடித்தவள் மனைவி. அப்போது எங்கள் பெரிய தொல்லை பள்ளிக்கூட மணி. மணி அடித்தால் மகள் தரையில் விழுந்து கத்துவாள். "மதக பத்தி எய்துறீங்களே, அந்த மணிய பத்தி ஒண்ணு எய்திக் குடுங்களேன்," என்றாள் மனைவி. எழுதுவதற்கு முன் நான் பள்ளிக்குப் போய் நின்று, நேரம் பார்த்து, மணி அடிப்பவரையும் விசாரித்தேன். பிறகு எழுதினேன்:

உத்திரமேரூர், திங்கள்: இங்குள்ள பள்ளியில் இன்று காலை ஒன்பது பத்துக்கு மணி அடித்தது. சத்தம் பெரியதாக இருந்தது. ஒரு மாணவி காதைப் பொத்திக்கொண்டாள். மணி அடித்தால் வகுப்பு தொடங்குகிறது என்று பொருள். மணி சிறிது நேரத்தில் நின்றுவிடும். மணி நின்றதும் மாணவி கையை எடுத்துவிட்டு வகுப்புக்குச் சென்றாள். யாருக்கும் காயம் இல்லை.

கடைசி வரி பஸ் விபத்துச் செய்திகளிலிருந்து பழக்கத்தில் வந்துவிட்டது. அவளுக்கு அதுதான் மிகவும் பிடித்தது. கீழே விழுந்து முட்டி தேய்ந்தால்கூட எழுந்து நின்று, "யாருக்கும் காயம் இல்லை," என்பாள்.

தினமும் காலையில் அந்தச் செய்தியை அவளுக்குப் படித்துக் காட்டினோம். கத்தல் மெல்லக் குறைந்து, பொத்திய கைகளாகவும் அசையும் உதடுகளாகவும் மாறியது. ஒருநாள் மணி தாமதமாக அடித்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் என்னிடம், "செய்தி தவறு," என்றாள். பத்திரிகையில் செய்வதுபோல் நான் ஒரு திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று: சில நாட்களில் மணி சற்றுத் தாமதமாக அடிக்கலாம். திருத்தத்தைக் கேட்டபின் தூங்கினாள்.

பிறகு குழாயடி வரிசைக்கு ஒன்று எழுதினேன், பஸ்ஸில் பக்கத்தில் முன்பின் தெரியாதவர் உட்கார்ந்தால் என்ன செய்வது என்று ஒன்று, யாராவது அழுதால் சிரிக்காமல் அமைதியாக இருப்பது பற்றி ஒன்று. எல்லாம் பத்து வரிக்குள். எல்லாம் நடந்தது, அல்லது நடக்கக்கூடியது. சமீபத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் ஓர் இளம்பெண் படங்கள் ஒட்டிய சிறு கதைகளை எனக்குக் காட்டினாள். பல் டாக்டரிடம் போவது, பிறந்தநாள் விழாவுக்குப் போவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. உங்களுக்கு அந்தக் காலத்திலேயே இது எப்படித் தெரிந்தது என்று கேட்டாள். தெரியாது. எங்கள் பிள்ளைக்கு நரிக்கதை பிடிக்கவில்லை, அவ்வளவுதான் தெரியும்.

செய்தி கேட்டு வளர்ந்ததால் மகள் செய்திபோலவே பேசினாள். தெருவில் அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தார்கள். காய்கறிக் கூடைக்காரி தினமும் கூடையை இறக்கிவைத்து, "இன்னா கண்ணு, இன்னைக்கு இன்னா சேதி?" என்று கேட்பாள். மகள் உண்மையாகவே சொல்வாள். எந்த வீட்டு மாடு கன்று போட்டது, எந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை, எத்தனை மணிக்கு. சண்டைச் செய்திக்காக இரண்டு வீடுகள் எங்களோடு பேச்சை நிறுத்தின.

தலைமையாசிரியரைப் பற்றி நியாயமாக எழுத வேண்டும். பக்கத்தில் வேறு இரண்டு பள்ளிகள் முடியாது என்று அனுப்பிய பிள்ளையைச் சேர்த்துக்கொண்டவர் அவர்தான். அறிவியல் பட்டதாரி. எட்டாம் வகுப்புக்குக் கிருமிகளைப் பற்றி அவர் நடத்தும் பாடத்தை ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறேன். நன்றாக நடத்துவார். நான் எழுதும் செய்திகளை வாங்கிப் படித்து, வகுப்பு ஆசிரியையிடமும் படிக்கக் கொடுப்பார்.

யார் வீட்டுக்குப் போனாலும் மகள் திடீரென்று எழுந்து நடந்துவிடுவாள். பேசிக்கொண்டிருப்பவர்களுக்கு முகம் சுருங்கும். அதற்காக நான் எழுதியது:

உத்திரமேரூர், சனி: ஒரு மாணவி நேற்று பெற்றோருடன் ஒரு வீட்டுக்குச் சென்றாள். கிளம்பும் நேரம் வந்தது. மாணவி அந்த வீட்டுப் பெரியவரின் எதிரில் போய் நின்றாள். அவர் முகத்தைப் பார்த்தாள். முகத்தைப் பார்ப்பது சிரமமாக இருந்தால் சட்டைப் பொத்தானைப் பார்க்கலாம். "போய் வருகிறேன்" என்றாள். பெரியவர் மகிழ்ந்தார்.

தலைமையாசிரியருக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. எல்லாப் பிள்ளைகளுக்கும் வேண்டிய விஷயம் என்றார். சிவப்பு மைப் பேனாவை எடுத்து, கடைசியில் தன் கையால் ஒரு வரி சேர்த்தார்: "எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் சொல்லிக்கொண்டு கிளம்ப வேண்டும். எப்போதும், மறக்காமல்."

எப்போதும் என்ற சொல்லை எங்கள் தொழிலில் எழுதமாட்டோம் என்று அவரிடம் சொன்னேன்.

"இது பேப்பர் இல்ல சார், பாடம்," என்றார்.

காலைக் கூட்டத்தில் அதை அவரே வாசித்தார். அந்த ஒரு வரியை ஓவிய ஆசிரியரைக் கொண்டு பள்ளியின் வெளிச்சுவரில் நீலப் பெயிண்டில் எழுதவும் வைத்தார். ஆளுயரத்தில், சாலையில் போகிறவர்கள் படிக்கும்படி.

மகள் அதை அப்படியே செய்தாள். மளிகைக் கடையில், மாவு மில்லில், போஸ்ட் ஆபீசில். எதிரில் போய் நிற்பாள், பொத்தானைப் பார்ப்பாள், "போய் வருகிறேன் ஐயா," என்பாள். மில்லில் கல்லாவில் இருப்பவர் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்று கும்பிடுவார். கேலிதான், ஆனால் அன்பான கேலி. சில மாதங்கள் எங்கள் தெரு அவளை ஏற்றுக்கொண்டதுபோல் இருந்தது.

தலைமையாசிரியரின் தாயார் இறந்தார். வயதான அம்மாள், நீண்ட நாள் படுக்கை. நாங்கள் போகாமல் இருக்க முடியாது. மகளைத் தனியே விட்டுப் போகவும் முடியாது. வாசலில் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். மகள் காதைப் பொத்திக்கொண்டு மணிச் செய்தியை வாய்க்குள் சொல்லியபடி உள்ளே வந்தாள். கூடத்தில் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அழுகைச் செய்தியில் இருந்ததுபோல் சுவரோரம் அமைதியாக உட்கார்ந்தாள். அவளைப் பற்றி எனக்கு அன்று பெருமையாகவே இருந்தது.

இறந்த வீட்டிலிருந்து யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. இதை எனக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை, நானும் யாரையும் கேட்டதில்லை. எழுந்தோம், வெளியே வந்தோம். செருப்பை மாட்டும்போது பார்த்தேன், மகள் பக்கத்தில் இல்லை.

அவள் திரும்பிப் போயிருந்தாள். தாயின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியரின் எதிரில் நின்றாள். அவர் சட்டை போடவில்லை, தோளில் துண்டு மட்டும் இருந்தது. பொத்தான் இல்லாததால் துண்டின் கரையைப் பார்த்து, தெளிவாக, கூடம் முழுவதும் கேட்கும்படி சொன்னாள்:

"போய் வருகிறேன் ஐயா."

அழுகை நின்றது. தலைமையாசிரியரின் அத்தை, அப்பாவின் அக்கா, திருமுக்கூடலிலிருந்து வந்திருந்த வயதான அம்மாள், முதலில் பேசினார். "இன்னொரு தபா இந்த வூட்டுக்கு வரேன்னு சொல்லுதே. இன்னா வாய்டியம்மா இது." தலைமையாசிரியரின் தம்பி எழுந்து வந்து மகளின் கன்னத்தில் அறைந்தான். தலைமையாசிரியர் அதைப் பார்த்தார், பிறகு தாயின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வழியெல்லாம் அவள் அழவில்லை. கன்னத்தில் விரல்கள் பதிந்திருந்தன. எங்கள் தெருமுனை வந்ததும், "யாருக்கும் காயம் இல்லை," என்றாள்.

அது அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் தாயாரின் கருமாதி முடிவதற்குள் அந்த அத்தை அதே வீட்டில் இறந்துபோனார். அவருக்கு நெஞ்சு நோய். கால் வீங்கி, மாத்திரையில் ஓடிக்கொண்டிருந்த உடம்பு. அத்தையைக் காஞ்சிபுரத்துக்கு அழைத்துப்போய்க் காட்டியதை முந்தின வருடம் தலைமையாசிரியரே என்னிடம் சொல்லியிருந்தார். ஊருக்கு அது தேவைப்படவில்லை. அந்தப் பொண்ணு வரேன்னு சொல்லிட்டுப் போச்சு, கூட்டிட்டுப் போய்டுச்சு என்றார்கள். சாவு வீட்டில் மகள் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்ததைக் கண்ணால் பார்த்ததாகவும் சொன்னார்கள். அது மணிச் செய்தி.

டீக்கடைக்காரர் எனக்கு வேண்டியவர். என்னைத் தனியே அழைத்து, "தப்பா நெனச்சிக்காத சார். பொண்ண கொஞ்ச நாளு வெளிய வுடாத," என்றார். அவர் கடை பெஞ்சில் நாலு பேர் நான் செய்தி எழுதும் பேப்பரைப் பிரித்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். மாவு மில்லில் மனைவி போய் நின்றால் கல்லாவில் இருந்தவர் எழுந்து உள்ளே போனார். கூடைக்காரி எதிர்ப்பக்கமாக நடந்தாள். பள்ளியில் மகளின் பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளைகளை அவர்கள் தாய்மார்கள் வந்து வேறு பெஞ்சுக்கு மாற்றினார்கள். மகள் அதை வீட்டில் செய்தியாகச் சொன்னாள்: பெஞ்சில் ஒரு மாணவி மட்டும் இருக்கிறாள், இடம் தாராளமாக இருக்கிறது.

அதற்கு அடுத்துத்தான், உள்ளே போன மகளை வெளியே நிறுத்தி, அவள் பையைக் கேட்டில் மாட்டினார்கள்.

நான் கேட்டைத் தட்டினேன். தலைமையாசிரியர் வந்தார். மொட்டைத் தலையில் முடி முளைக்கத் தொடங்கியிருந்தது. தாழைத் திறக்கவில்லை. கம்பிகளுக்கு இடையில் நின்று பேசினார். மகள்மேல் தனக்கு ஒன்றும் இல்லை, பெற்றவர்கள் வந்து நிற்கிறார்கள், பிள்ளைகளை நிறுத்திவிடுவோம் என்கிறார்கள் என்றார்.

"நீங்க சயின்ஸ் வாத்தியார்," என்றேன்.

"சயின்ஸ் பள்ளிக்கூடத்துல சார். வூட்டுக்குப் போனா எனக்குத் தம்பி கீறான், சம்சாரம் கீறாங்க."

நான் வெளிச்சுவரைக் காட்டினேன். அந்த வரி உங்களுடையது என்றேன்.

அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "எங்க சொல்லணும், எங்க சொல்லக் கூடாதுன்னு மத்த புள்ளைங்க எல்லாத்துக்கும் தெரியும் சார். உங்க பொண்ணு ஒண்ணுதான் நான் சொன்னத அப்படியே செஞ்சது."

தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே புரியவில்லை. நான் பல அதிகாரிகளைப் பேட்டி கண்டிருக்கிறேன். தங்களைத் தாங்களே குற்றவாளி என்று நிரூபித்துவிட்டு, அது தெரியாமல் அடுத்த விஷயத்துக்குப் போகிறவர்களை அதற்குப் பிறகும் பார்த்திருக்கிறேன். இவர் அளவுக்கு நிதானமாகச் செய்தவர் இல்லை.

அவரிடம் ஒரு வழி இருந்தது. தன் வீட்டிலேயே நடக்கும் அத்தையின் கருமாதிக்கு மகளை அழைத்து வர வேண்டும். உறவுகள் எல்லாரும் இருப்பார்கள். அவர்கள் முன்னால் அவள், நான் சொன்னது தப்பு, அதனால்தான் இப்படி ஆயிற்று, இனி இந்த வீட்டுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட வேண்டும். "நீங்க ஒண்ணு எழுதிக் குடுங்க சார், கிளி மாதிரி சொல்லிடும். மறுநாள் கேட்டு தெறந்துடும்." தன் வேலையைப் பாராட்டுவதுபோல்தான் சொன்னார்.

பையைக் கம்பியிலிருந்து கழற்ற நேரம் பிடித்தது. அவ்வளவு நன்றாகச் சுற்றியிருந்தார்கள்.

மனைவி எழுதிக் கொடுக்கச் சொன்னாள். அவளுக்கு அதில் குழப்பமே இல்லை. "பொய்யோ மெய்யோ, எய்திக் குடுங்க. அதுக்கு ஒக்கார ஒரு பெஞ்சு வோணும்." அவளைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. பகலெல்லாம் பிள்ளையோடு இருப்பவள் அவள். பள்ளியில் இருந்த நேரத்தில்தான் மகள் மற்றப் பிள்ளைகளோடு வரிசையில் நின்றாள், அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். அது போனால் வேறு எங்கும் கிடைக்காது என்பது எனக்கும் தெரியும்.

உட்கார்ந்தேன். உத்திரமேரூர், புதன் என்று எழுதினேன். ஒரு மாணவி சொன்ன சொல்லால் என்று தொடங்கினேன். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. மகள் என் செய்திகளை நம்பியதற்குக் காரணம், ஒவ்வொன்றையும் அவள் சரிபார்த்திருக்கிறாள். மணியை நேரம் பார்த்துத் தப்புப் பிடித்தவள் அவள். இதில் ஒரு பொய் புகுந்தால் மணி, குழாயடி, பஸ் எல்லாம் சேர்ந்து விழும். விழாமல் அவள் நம்பிவிட்டால் அது இன்னும் மோசம். அவள் எதையும் மறப்பதில்லை. கிழவியாகும் வரை, குளிக்கும்போதும் சாப்பிடும்போதும், ஒரு மூதாட்டியைத் தான் கொன்ற செய்தியை ஒப்பித்துக்கொண்டிருப்பாள். அந்தக் கூட்டம் என் பிள்ளையிடம் கேட்டது மன்னிப்பு இல்லை. அவர்களுடைய பயத்தை அவள் ஆயுள் முழுக்கச் சுமக்க வேண்டும் என்று கேட்டார்கள். சுமக்க வைக்கும் வேலையை என் கையால் செய்யச் சொன்னார்கள்.

மகள் வந்து மேஜை ஓரத்தில் நின்றாள்.

"மூதாட்டி இறந்தது குறித்துப் போலீசார் விசாரித்து வருகின்றனரா?" என்று கேட்டாள்.

யாரோ அவளிடம் ஏதோ சொல்லியிருந்தார்கள். இல்லை, விசாரிக்க ஒன்றும் இல்லை என்றேன். தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்தேன்.

உத்திரமேரூர், புதன்: இறந்தவர் வீட்டிலிருந்து கிளம்பும்போது "போய் வருகிறேன்" என்று சொல்வதில்லை. யாரிடமும் சொல்லாமல் எழுந்து வெளியே வர வேண்டும். இது இங்குள்ள வழக்கம். முந்தைய செய்தியில் இது விடுபட்டிருந்தது. அதனால் ஒரு மாணவிக்கு இது தெரியவில்லை. திருமுக்கூடலைச் சேர்ந்த மூதாட்டி நெஞ்சு நோயால் இறந்தார். அவருக்கு அந்த நோய் முன்பே இருந்தது. ஒருவர் சொன்ன சொல்லால் இன்னொருவர் இறப்பதில்லை.

மனைவி வாங்கிப் படித்தாள். "இத்த சொன்னா தெறப்பாங்களா?"

இது உண்மை என்றேன்.

"நான் அத்த கேக்கல," என்றாள்.

கடைசியில் இருவரும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். முழுச் செய்தியையும் மகள் தெரிந்துகொள்ளட்டும். அந்த வீட்டில் "இது இங்குள்ள வழக்கம்" வரை சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளட்டும். அதைத் தவறை ஒப்புக்கொண்டதாக அவர்கள் எடுத்துக்கொள்ளலாம். மனைவி மகளை எதிரில் உட்காரவைத்து, பாதியில் நிறுத்தப் பழக்கினாள். செய்தியைப் பாதியில் நிறுத்துவது அவளுக்கு வலித்தது, ஆனால் பழகினாள்.

கருமாதி அன்று கூடம் நிறைய ஆட்கள். மகள் தலைமையாசிரியரின் எதிரில் போய் நின்றாள். அன்று சட்டை போட்டிருந்தார். பொத்தானைப் பார்த்து, வழக்கம் வரை சொன்னாள். நிறுத்தினாள். ஒரு பிசகும் இல்லை. பெண்களில் ஒருத்தி, போதும், பிள்ளைதானே என்றாள். தலைமையாசிரியர் தலையை ஆட்டினார். மனைவி என் பக்கத்தில் மூச்சை விட்டாள்.

தம்பிக்குப் போதவில்லை. குனிந்து மகளின் முகத்துக்கு நேராகக் கேட்டான்: "வயக்கமெல்லாம் எங்களுக்குத் தெரியும். அத்தை எதனால செத்துச்சி? அத்த சொல்லு."

கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும். அதற்கும் நான் ஒரு செய்தி எழுதியிருந்தேன்.

"திருமுக்கூடலைச் சேர்ந்த மூதாட்டி நெஞ்சு நோயால் இறந்தார்," என்றாள் மகள். "அவருக்கு அந்த நோய் முன்பே இருந்தது. ஒருவர் சொன்ன சொல்லால் இன்னொருவர் இறப்பதில்லை."

 மூலையில் உட்கார்ந்திருந்த, இறந்த அத்தையின் சொந்த மருமகள் மெதுவாகச் சொன்னாள்: "நெஞ்சு வலி அவங்களுக்கு நாலஞ்சு வருசமா கீது. பொண்ணு சொல்றது நெசந்தானே." அவளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் தலைமையாசிரியரைப் பார்த்தேன். இந்த ஊரில் அந்த நோயைப் பற்றி எல்லாரையும்விட நன்றாகத் தெரிந்தவர் அவர். ஒரு வாக்கியம் போதும். எட்டாம் வகுப்பில் தினமும் சொல்லும் வாக்கியங்களில் ஒன்று. அவர் தன் கை நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இட்டுக்கினு போங்க," என்றான் தம்பி.

மகள் யாரிடமும் சொல்லாமல் வெளியே நடந்தாள். நாங்கள் பின்னால் போனோம். தெருமுனையில் நின்று, "சரியா?" என்று கேட்டாள். சரி என்றேன். மனைவி முன்னால் நடந்தாள்.

மறுநாள் கேட் திறக்கவில்லை. ஓவிய ஆசிரியர் வெளியே வந்து, இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று சார் சொல்லச் சொன்னார் என்றார். மன்னிப்புக் கேட்க வந்த வீட்டில் நியூஸ் படித்துவிட்டுப் போனார்கள் என்று ஊரில் பேச்சு. நான் நடந்ததை அப்படியே எழுதி என் பத்திரிகைக்கு அனுப்பினேன். வரவில்லை. இரண்டாம் தடவை அனுப்பினேன். ஏரி நிலவரம் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டு ஆபீசிலிருந்து ஆளிடம் சொல்லி அனுப்பினார்கள்.

கொஞ்ச நாள் என்பது முழுப் பரீட்சை வரை நீண்டது. பிறகு அதைப் பற்றிப் பேச யாரும் இல்லை. இப்போது மகளுக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. எங்களோடுதான் இருக்கிறாள். அதற்குப் பிறகு அவள் எந்தப் பள்ளிக்கும் போகவில்லை. காலம் கோபத்தை ஆற்றிவிடும் என்று என்னிடம் சொன்னவர்கள் யாரும் அந்தப் பையைக் கம்பியிலிருந்து கழற்றியவர்கள் இல்லை.

பள்ளி மணி எங்கள் வீடு வரை கேட்கும். அந்த வருடம் முழுவதும் அவள் காலை ஒன்பது பத்துக்குப் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள். மணி அடிக்கும்போது காதைப் பொத்துவாள். நின்றதும் கையை எடுப்பாள். பையைக் கழற்றி ஆணியில் மாட்டுவாள்.

கோடை விடுமுறையில் பள்ளிக்கு வெள்ளையடித்தார்கள். வெளிச்சுவரில் அந்த நீல வரியை அழிக்காமல், அதைச் சுற்றி அடித்தார்கள்.